கடிதத்தில் நடந்தது எவ்வளவு, நினைத்தது எவ்வளவு?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரியில் கடைசி ஆண்டு. வளாகத் தேர்வுக்கு வந்த நான்கு நிறுவனங்களிலும் நீங்கள் தேர்வாகவில்லை. தோழிகள் மூன்று பேருக்கு வேலை கிடைத்துவிட்டது. "எனக்கு எதுவும் வராது மேடம், இனி என் வாழ்க்கை அவ்வளவுதான்" என்று முடித்திருக்கிறீர்கள்.

இந்த வலி சின்னது என்று நான் சொல்லப்போவதில்லை. "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்" என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். அதையும் நான் சொல்ல மாட்டேன். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து நம் கஷ்டம் குறைவதில்லை. 'இதற்குப் போய் அழுகிறோமே' என்ற குற்ற உணர்ச்சிதான் கூடுதலாக வந்து சேர்கிறது.

ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு, உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். நடந்தவற்றுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். நானும் போட்டுப் பார்த்தேன். நான்கைந்து வரிகள்தான் தேறின. "எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்", "இந்தப் படிப்பையே எடுத்திருக்கக் கூடாது", "இனி எந்த நிறுவனமும் எடுக்காது" என்று நீளும் மீதி ஒன்றரைப் பக்கமும் நீங்களாக எடுத்த முடிவுகள். வலி உண்மை. ஆனால் வலியில் எடுத்த முடிவுகள் எல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

அந்த நான்கைந்து வரிகளுக்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். மூன்று நிறுவனங்களில் முதல் சுற்று எழுத்துத் தேர்விலேயே நின்றுவிட்டீர்கள். கணக்குப் பகுதியில் நேரம் போதவில்லை. நான்காவதில் குழு விவாதம் வரை போயிருக்கிறீர்கள். நான்கு பேர் உங்களை நேரில் பார்த்து "நீ வேண்டாம்" என்று சொன்னதுபோல உங்கள் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் மூன்று இடங்களில் உங்களை யாரும் நேரில் சந்திக்கவே இல்லை. உங்கள் பேச்சையோ, நீங்கள் செய்த புராஜெக்டையோ, குணத்தையோ எடைபோட அங்கே யாருக்கும் வாய்ப்பே வரவில்லை. நேரத்துக்குள் கணக்குப் போடும் வேகம் குறைவு என்பது மட்டும்தான் அங்கே தெரியவந்தது. 'எனக்கு எதுவும் வராது' என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. கணக்கில் வேகம் குறைவு என்பதற்கு இருக்கிறது.

இதை நீங்களே ஏன் கவனிக்கவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள். தன் பிரச்சினை என்றால் யாருக்கும் இப்படித்தான். இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2014இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரே சிக்கலை நண்பருடையது என்று கொடுத்தபோது மக்கள் நிதானமாக, பல பக்கமும் பார்த்து யோசித்தார்கள். தன்னுடையது என்றபோது அந்த நிதானம் குறைந்தது. ஆனால் தன் சிக்கலையே வெளியாள் ஒருவருடையதுபோல, 'அவள்', 'அவன்' என்று வைத்து யோசிக்கச் சொன்னபோது இந்த வித்தியாசம் மறைந்துபோனது. அதனால் இன்றிரவு உங்கள் பெயரைப் போட்டு, "அவளுக்கு என்ன நடந்தது, அடுத்து அவள் என்ன செய்யலாம்" என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். பரவாயில்லை, எழுதுங்கள்.

சரி, எல்லாரும் உங்களைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறீர்களே, அதற்கு வருவோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் படம் உள்ள டி-ஷர்ட்டுடன் ஒவ்வொரு முறையும் ஒரு மாணவரை மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். உங்கள் வகுப்பிலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கவலை இருக்கிறது.

அப்பாவிடம் மூன்று வாரமாகச் சரியாகப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். இத்தனை நாள் நீங்கள் முகம் கொடுக்காமல் இருந்தால், அவர் மனதில் என்னென்ன ஓடும்? எந்தச் சுற்றில் என்ன நடந்தது என்று அப்படியே சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தையே அவரிடம் படிக்கக் கொடுத்தாலும் சரி. அவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒரு மாதத்துக்குத் தோழிகளின் பெயரை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால், பென்சிலும் காகிதமும் போதாது. தயங்காமல் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், நாளை முதல் தினமும் நாற்பது நிமிடம், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கணக்குப் பகுதியை மட்டும் போடுங்கள். விகிதம், சதவீதம், நேரமும் வேலையும் என்று ஒவ்வொரு தலைப்பாக எடுங்கள். எந்தத் தலைப்பில் அதிக நேரம் போகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள்; அதை வைத்து மேலே பேசலாம்.