பார்க் திறந்தாச்சு, டிக்கெட் எடுக்கலாமா?

கொரோனா ஊரடங்கில் மூடியிருந்த பொழுதுபோக்குப் பூங்காக்களை நவம்பர் 10 முதல் திறக்கலாம் என்று தமிழக அரசு அறிவித்ததிலிருந்து இதைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள் வருகின்றன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக நாள்கள் வருவதால், இந்த டிசம்பர் 2020 பகுதியை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நவம்பர் 25-ஆம் தேதிக்கு ஐந்து பேருக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்திருந்தேன். நிவர் புயலுக்காக அன்று அரசு விடுமுறை விட்டது, பார்க்கையும் மூடிவிட்டார்கள். பணத்தைக் கேட்டால், "டிக்கெட்டில் நான்-ரீஃபண்டபிள் என்று போட்டிருக்கிறது, மூன்று மாதத்துக்கு வவுச்சர் தருகிறோம்" என்கிறார்கள். அதற்குள் மறுபடி ஊரடங்கு வந்தால் என் பணம் என்ன ஆகும்?
(புது வண்ணாரப்பேட்டை வாசகி)

பதில்: வவுச்சரை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க் திறந்திருந்து நீங்கள் போகவில்லை என்றால், "பணம் திரும்பத் தரப்படாது" என்ற நிபந்தனைக்கு மதிப்பு உண்டு. பார்க்கே மூடியிருந்தால் கதை வேறு. நீங்கள் காசு கொடுத்த சேவை அங்கே நடக்கவே இல்லை. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 56-ஆவது பிரிவில். அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 65-ஆவது பிரிவு. புயலுக்கு மூடினாலும் கொரோனாவுக்கு மூடினாலும் இந்த வாதம் பொருந்தும்.

விமான டிக்கெட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் அக்டோபர் 1 அன்று தந்த தீர்ப்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பணமில்லாத விமான நிறுவனங்கள் வவுச்சர் மாதிரி, பின்னால் டிக்கெட் எடுக்க உதவும் ஒரு வரவுக் கணக்கு (கிரெடிட் ஷெல்) தரலாம் என்று அனுமதித்தது. ஆனால் 2021 மார்ச் 31-க்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் பணமாகவே தர வேண்டும் என்றும், அதுவரை மாதாமாதம் அதன் மதிப்பைக் கூட்ட வேண்டும் என்றும் சொன்னது. அது விமானப் பயணத்துக்கு மட்டுமான தீர்ப்பு, பார்க்கை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும், "காலாவதியானால் காசு போச்சு" என்று சொல்லும் வவுச்சர் நியாயமில்லை என்று வாதாட அது கைகொடுக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். போனில் பேசுவதை நிறுத்துங்கள், அதற்குச் சாட்சி இருக்காது. மின்னஞ்சலில் எழுதுங்கள். புக்கிங் எண், பணம் கட்டிய தேதி, தொகை, வங்கிக் கணக்கில் தெரியும் பரிவர்த்தனை எண், பார்க் மூடல் என்று அவர்கள் அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அதில் இருக்கட்டும். "வவுச்சர் வேண்டாம், 15 நாளில் பணம் வேண்டும்" என்று ஒரே வரியில் முடியுங்கள். வேறொரு இணையதளம் வழியாக எடுத்திருந்தால் அவர்களுக்கும் நகல் போட வேண்டும். இல்லாவிட்டால் இவர்கள் அவர்களைக் கைகாட்டுவார்கள், அவர்கள் இவர்களைக் கைகாட்டுவார்கள். பலரும் தவறுவது ஓரிடத்தில்தான்: வவுச்சரோடு வரும் குறுஞ்செய்தியில் "ஏற்கிறேன்" என்ற பட்டனை அழுத்திவிடுகிறார்கள். அழுத்திவிட்டால், நீங்களே சம்மதித்தீர்கள் என்று அதையே எடுத்துக் காட்டுவார்கள்.

பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1800-11-4000-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பார்க் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வடசென்னைக்கென்று தனி ஆணையம் உண்டு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: என் பையனுக்கு 8 வயசு, மாமியாருக்கு 67. எங்களோடு கூட்டிக்கொண்டு போகலாமா? உள்ளே விடுவார்களா?
(ராயபுரம் வாசகி)

பதில்: மத்திய சுகாதார அமைச்சகம் அக்டோபர் 8 அன்று பூங்காக்களுக்காக வெளியிட்ட நடைமுறையில், 65 வயதைத் தாண்டியவர்கள், 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், வேறு நோய் உள்ளவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று இருக்கிறது. இது அறிவுரை, தடை இல்லை. அதனால் ஒவ்வொரு பார்க்கும் தன் இஷ்டத்துக்கு விதி வைக்கிறது. குழந்தை டிக்கெட்டை ஆன்லைனில் விற்றுவிட்டு வாசலில் திருப்பி அனுப்பினால் அந்த டிக்கெட் காசைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அங்கே நின்று சண்டை போடுவதற்கு முன்பே, புக் செய்வதற்கு முன்பே, எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.

விடுவார்களா என்பது ஒரு கேள்வி, போகலாமா என்பது வேறு கேள்வி. மாமியாரைக் கூட்டிப் போகாதீர்கள். பையனுக்கும் இந்த வருஷம் வேண்டாம். எட்டு வயசுப் பிள்ளை அரை நாள் முழுக்க மாஸ்க்கோடு இருக்காது. ராட்டினத்தின் கம்பியைத் தொட்ட கையை ஐந்து நிமிஷத்தில் வாயில் வைக்கும். வீட்டில் பெரியவர் இருக்கும்போது அந்த ஆபத்து ராயபுரத்துக்கே திரும்பி வரும்.

கேள்வி: பாதிப் பேரைத்தான் உள்ளே விடுகிறார்களாம். அப்படியானால் க்யூ குறைவாகத்தானே இருக்கும்?
(கொடுங்கையூர் வாசகர்)

பதில்: இருக்காது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 இருக்கை உள்ள ஒரு ரைடு, ஏற்றி இறக்குவதோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு 4 நிமிஷம் என்று வையுங்கள். மணிக்கு 15 சுற்று, 360 பேர். இப்போது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை உட்கார வைத்தால் 12 பேர்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கைப்பிடியும் பெல்ட்டும் துடைக்க 2 நிமிஷம். சுற்றுக்கு 6 நிமிஷம் ஆகிவிடுகிறது, மணிக்கு 10 சுற்று, மொத்தம் 120 பேர். ஆக, கூட்டம் பாதியாகியிருக்கிறது, ரைடின் வேகமோ மூன்றில் ஒரு பங்காகியிருக்கிறது. காத்திருப்பு முன்பைவிட ஒன்றரை மடங்கு. துடைப்பதை ஒழுங்காகச் செய்யும் பார்க்கில்தான் க்யூ மெதுவாக நகரும் என்பதையும் மனதில் வையுங்கள். அதற்காக அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம்.

க்யூவின் நீளத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். 50 பேர் தனித்தனியே 6 அடி விட்டு நின்றாலே 300 அடி வரும். நின்றுகொண்டிருக்கும் தலைகளை எண்ணுங்கள், ஒரு சுற்றுக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பாருங்கள், வகுத்துப் பாருங்கள்.

செவ்வாய், புதன் மாதிரி வேலை நாளில் போங்கள். கேட் திறக்கும் நேரத்துக்கு வாசலில் இருந்து, பெரிய ரைடுகளை முதல் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். சாப்பாட்டை 11.30-க்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றும் இடம் சாப்பாட்டுக் கூடம்தான், 1 மணிக்கு அங்கே இருக்கவே கூடாது. காணும் பொங்கலுக்கு என்று திட்டம் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். அன்று கூட்டத்தைத் தடுக்க எதை மூடுவார்கள் என்று முந்தின வாரம்தான் தெரியும்.

ஷாங்காய் டிஸ்னிலேண்ட் மே 11 அன்று மறுபடி திறந்தபோது, கொள்ளளவில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. பார்க் அதற்கும் கீழே தொடங்கி, நாளும் நுழைவு நேரமும் குறித்த டிக்கெட்டை மட்டுமே விற்றது. நம் பக்கத்திலும் நேரம் குறித்து டிக்கெட் தரும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: ரைடில் கத்தக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கத்தும்போது வாயிலிருந்து தெறிப்பது பல மடங்கு. ஜப்பானின் ஃபூஜி-க்யூ பூங்கா, மனசுக்குள்ளேயே கத்திக்கொள்ளுங்கள் என்று வருபவர்களைக் கேட்டுக்கொண்டது.

கேள்வி: தண்ணீர் விளையாட்டு பாதுகாப்பா? குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார்.
(திருவொற்றியூர் வாசகர்)

பதில்: அண்ணன் சொல்வது தலைகீழ். மூக்கை அடைக்கும் அந்த வாடை குளோரினுடையது அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின் என்ற பொருளின் வாடை அது. அந்த வாடை அடித்தால் குளோரின் செலவாகிவிட்டது, தண்ணீரில் அழுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். கண் எரிவதற்கும் அதுதான் காரணம்.

பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். அழுக்கோடு சேராமல் மிச்சமிருக்கும் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8. பி.எச். 8-ஐத் தாண்டினால், போட்ட குளோரின் தண்ணீரில் இருந்தும் கிருமியைக் கொல்லும் வேகம் விழுந்துவிடும். வெயிலும் குளோரினைத் தின்னும். அதனால் காலையில் சரியாக இருந்த குளம் மத்தியானம் 3 மணிக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒழுங்கான பார்க்கில் குளத்தருகே சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதும் பலகையோ பதிவேடோ இருக்கும். காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மறுத்தால், தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப் (நிறம் மாறும் பட்டை) இருந்தால் ஒன்றை நனைத்து டப்பாவில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுங்கள். அதுவும் இல்லையென்றால் குளத்தின் ஆழமான இடத்தில் அடித்தளத்து வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் இறங்காதீர்கள். அங்கே ஒருவர் மூழ்கினால் காவலாளுக்கும் தெரியாது.

அக்டோபர் நடைமுறை நீச்சல் குளங்களை மூடச் சொன்னது. நீர் விளையாட்டுகளுக்கு, முறையாக வடிகட்டி குளோரின் போட வேண்டும் என்றது. அளவாகக் குளோரின் உள்ள தண்ணீர் வழியாக இந்த வைரஸ் பரவியதாகத் தெரியவில்லை. ஆபத்து தண்ணீருக்கு வெளியே: சறுக்கு மரத்தின் படிக்கட்டில் முட்டிக்கொண்டு நிற்பது, உடை மாற்றும் அறை, லாக்கர் முன் நெரிசல். நனைந்த மாஸ்க் மூச்சை அடைக்கும், வடிகட்டவும் செய்யாது. தண்ணீரில் இறங்கும் முன் கழற்றி ஜிப் கவரில் போட்டு, ஏறியதும் புதியதை மாட்டுங்கள். ஆளுக்கு நான்கு மாஸ்க். துணி மாற்றுவதை வீட்டிலேயே முடித்து, நீச்சல் உடைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு போனால் அந்த அறைக்குள் ஒருமுறை நுழைவதாவது மிச்சம்.

கேள்வி: பத்துப் பேர் சேர்ந்து ஏ.சி. வேன் பிடித்து ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) போகலாம் என்றிருக்கிறோம். சரியா?
(வியாசர்பாடி வாசகர்)

பதில்: வேன் சரி, ஏ.சி. வேண்டாம். ஈ.சி.ஆரில் உள்ள விஜிபி, எம்ஜிஎம் பூங்காக்கள் ஆனாலும் பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட் பூங்கா ஆனாலும் வடசென்னைக்காரர்களான நமக்கு ஊரின் அந்தக் கோடி. திருவொற்றியூரிலிருந்து எம்ஜிஎம் இருக்கும் முட்டுக்காடு சுமார் 40 கிலோமீட்டர். போக வர மூன்று மணி நேரம் கண்ணாடி ஏற்றிய வேனில் பத்துப் பேர் பாட்டுப் பாடிக்கொண்டு போவது, அன்றைய நாளிலேயே பெரிய ஆபத்து அதுதான். நான்கு கண்ணாடியையும் பாதியாவது இறக்கி வையுங்கள். ஒரே வீட்டு ஆள்கள் ஒரே வேனில் போவது நல்லது. வேன்காரரிடம் பேசும்போது, பார்க் மூடினால் அட்வான்ஸ் திரும்புமா என்பதையும் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். டிக்கெட் காசு திரும்பினாலும் வேன் காசு போய்விடுகிறது என்ற புகார் இப்போது நிறைய வருகிறது.

புறநகர் ரயிலில் இந்த டிசம்பர் 2020 தொடக்கத்தில் எல்லோருக்கும் அனுமதி இல்லை. மெட்ரோ என்றால் வண்ணாரப்பேட்டையில் ஏறலாம். 2020-ஆம் ஆண்டு விதிப்படி, மாஸ்க் இல்லாமல் பிடிபட்டால் 200 ரூபாய், எச்சில் துப்பினால் 500 ரூபாய் அபராதம்.

கேள்வி: வாசலில் காய்ச்சல் பார்க்கும்போது ஒருவருக்கு மட்டும் அதிகமாகக் காட்டினால்?
(காசிமேடு வாசகி)

பதில்: வெயிலில் நின்ற நெற்றிக்கு அந்தக் கருவி கூடத்தான் காட்டும். பத்து நிமிஷம் நிழலில் உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால் மொத்தக் குடும்பமும் திரும்ப வேண்டும். கூடவே இருந்தவர்கள் நீங்கள்தானே. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கிளம்பும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். காய்ச்சலால் தேதி மாற்ற அனுமதி உண்டா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

கேள்வி: வருஷ பாஸ் பாதி விலை என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்திருக்கிறது. எடுக்கலாமா?
(பெரம்பூர் வாசகர்)

பதில்: லிங்க்கைத் தொடாதீர்கள். பார்க்கின் டிக்கெட் கவுண்டருக்குப் போன் செய்து, அப்படி ஒரு சலுகை உண்டா என்று கேளுங்கள். "கேஷ்பேக் வரும்" என்று கியூ.ஆர். கோடு அனுப்பினால் அது திருட்டு. பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. உண்மையான தளத்தில் காசு போய் டிக்கெட் வராமல் நின்றுவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும்.

சலுகை நிஜமாகவே இருந்தாலும் வருஷ பாஸ் இப்போது வேண்டாம். ஹாங்காங் டிஸ்னிலேண்டைப் பாருங்கள். ஜனவரி 26-இல் மூடி, ஜூன் 18-இல் திறந்து, ஜூலை 15-இல் மூடி, செப்டம்பர் 25-இல் திறந்து, இந்த டிசம்பர் 2-இல் மூன்றாவது தடவை மூடியிருக்கிறது. இங்கேயும் அப்படி நடந்தால் பாஸின் நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூடிய நாள்களைப் பின்னால் சேர்த்துத் தருவோம் என்று பாஸின் விதிகளில் அச்சடித்திருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லையென்றால் ஒருநாள் டிக்கெட், அதுவும் தேதி மாற்ற முடிகிற டிக்கெட், போவதற்கு மூன்று நாள் முன்பு எடுத்தால் போதும்.