படம் வரைந்தால் சோறு போடுமா? ஒரு தகப்பனாருக்குப் பதில்

வணக்கம் அண்ணா.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு குமாரபாளையத்திலிருந்து வந்திருந்தீர்கள். "படம் வரைஞ்சா சோறு போடுமாங்க?" என்று நீங்கள் கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று இருந்த கூட்டத்தில் உங்களுக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் தப்பே இல்லை. சனிக்கிழமை கூலி வாங்கி, தறிக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பிடித்தம் போக, மிச்சத்தில் குழு லோன் தவணையும் ஆத்தாவின் மாத்திரையும் பார்க்கிற வீட்டில் இதைக் கேட்காமல் எப்படி இருக்க முடியும்? பிடித்ததைப் படி, பணம் தானாக வரும் என்று மேடையில் பேசுகிறார்களே, அவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை தெரியாது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவள் நோட்டைப் பார்த்தேன் அண்ணா. தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற ஒரு கையை வரைந்திருக்கிறாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற இடத்தில் நூல் மட்டும் மெல்லிசாகத் தெரிகிறது. நகத்தோரம் பஞ்சு ஒட்டியிருக்கிறது. யார் கை என்றேன். "அம்மா கை" என்றாள். பொழுதுபோகாமல் வரைகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் அந்த ரகம் இல்லை.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். படம் சோறு போடுமா என்பது இருக்கட்டும், எந்த வருஷத்திலிருந்து போட வேண்டும்? தம்பி இப்போது ஒன்பதாவது. வருகிற ஜூனில் இவள் கல்லூரிக்குப் போனால் அவன் பத்தாவது. இவளுக்கு மூன்று வருஷம் முடியும்போது அவன் பிளஸ் டூ முடித்திருப்பான். "அப்ப இவ கை கொடுக்கணும்" என்று நீங்களே சொன்னீர்கள். ஆக, உங்கள் வீட்டுக்குக் கெடு மூன்று வருஷம். இதை வைத்துக்கொண்டு படிப்பைப் பார்ப்போம்.

சேலத்தில் மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மூன்று வருஷ டிப்ளமோ. நெசவு, சாயம், டிசைன் எல்லாம் அதில் வரும். கெடுவுக்குள் அடங்கிவிடுகிறது, வீட்டுக்கும் பக்கம். ஆனால் அவளுக்குள் இருக்கிற அந்தக் கை அங்கே முழுசாக வளராது என்றுதான் நினைக்கிறேன். இன்னொன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. பட்டப்படிப்பு நான்கு வருஷம். சென்னையில் துணி வடிவமைப்புக்கே தனிப் பிரிவு இருக்கிறது. என் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நீங்கள் ஓட்டுகிற லுங்கியின் கட்டத்தைக்கூட யாரோ ஒருவர் முதலில் தீர்மானித்திருக்கிறார் அல்லவா? கரூர் ஏற்றுமதிக்காரர்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் அந்த ஆள் எப்போதும் வேண்டும்.

இடிப்பது அந்த நான்காவது வருஷம்தான். அதை மறைக்காமல் பேச வேண்டும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். அரசு மாணவியர் விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் இல்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து சின்னச் சின்ன டிசைன் வேலைகளை அவளே வாங்கிச் செய்யலாம். இதெல்லாம் போகவும் ஒரு பள்ளம் விழும். அதை யார், எப்படி நிரப்புவது என்று நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். லோன் பாக்கி எவ்வளவு என்பது பாப்பாவுக்கும் தெரியட்டும். தெரியாமல் இருப்பதால்தான் அவள் பயப்படுகிறாள்.

பிழைப்பையும் கலையையும் சேர்த்தே நடத்தியவர்கள் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். அதே சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் ஓவியர்களையும் சிற்பிகளையும் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். படம் விற்றுச் சாப்பிட முடியாத காலம். மெழுகு பூசிச் சாயமேற்றுகிற பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் வீடும் கட்டிக்கொண்டார்கள், ஓவியமும் வரைந்தார்கள். ஒருவரை ஒருவர் தாங்கித்தான் நின்றார்கள். தனித்தனியாக இருந்திருந்தால் பாதிப் பேர் தூரிகையைக் கீழே வைத்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. அனிமேஷன் படிப்பு, நூறு சதவீதம் வேலை உத்தரவாதம் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிற இடத்துக்குக் கடன் வாங்கிப் போகவே போகாதீர்கள். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். வந்தால் வரட்டும்.

என் வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து சம்பாதித்த காசில்தான் நான் காலேஜ் படித்தேன். உனக்கு என்ன படிக்க ஆசை இருந்தது என்று அவளிடம் நான் கேட்டபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. நர்ஸ் ஆக வேண்டும் என்று இருந்தாளாம். அது தெரிந்திருந்தால், நான் வேலைக்குப் போன முதல் வருஷமே அவளைப் படிக்க வைத்திருக்க முடியும். வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பாப்பா பி.காம் போகிறேன் என்று நாளைக்கே சொன்னாலும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாளா என்று ஒரு தடவை கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு ஷிப்ட் முடிந்ததும் வாருங்கள். எழுதின தாளையும் அவள் நோட்டையும் எடுத்து வாருங்கள். நுழைவுத் தேர்வில் உட்கார்ந்த இடத்திலேயே வரைந்து காட்டச் சொல்வார்கள், அதற்கு இப்போதிருந்தே பழக வேண்டும். அப்புறம், இந்தத் தடவை பாப்பாவின் அம்மாவையும் கூட்டி வாருங்கள். குழு லோன் அவர் பெயரில்தானே இருக்கிறது, நோட்டில் இருப்பதும் அவர் கைதான்.