சராசரிக்குப் பக்கத்து எண்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு முக்கூடல் பக்கத்துக் கிராமம். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை படிக்கிறேன். அம்மா முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறாள். பீடி சுற்றும் பெண்களின் நுரையீரல் பாதிப்பு பற்றி சிஸ்டமேட்டிக் ரிவ்யூவும் (வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுப்பது) மெட்டா அனாலிசிஸும் (அவற்றின் எண்களைக் கூட்டி ஒரே முடிவு எடுப்பது) செய்ய ஆசை. கூகுளில் தேடிப் பதினான்கு கட்டுரைகள் எடுத்துவிட்டேன். அதில் ஏழுக்குச் சுருக்கம் மட்டும்தான் கிடைத்தது, ஆனால் அதிலேயே எண்கள் இருக்கின்றன. எந்த சாஃப்ட்வேர் படித்தால் சீக்கிரம் முடியும்? குறைந்தது எத்தனை கட்டுரை வேண்டும்?

— ம.

அன்புள்ள தங்கச்சிக்கு,

"அதிலேயே எண்கள் இருக்கின்றன" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. இந்த எண் எடுக்கிற வேலையைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாஃப்ட்வேர் எதுவானாலும் சரி. ரெவ்மேன் போதும், ஆர் தெரிந்தால் இன்னும் நல்லது, காசும் இல்லை. எத்தனை கட்டுரை என்றால், கணக்குப் போட இரண்டு போதும். ஒன்றோடொன்று ஒட்டாத இருபது இருந்தாலும் கூட்டக் கூடாது. கூட்டாமலே நல்ல ரிவ்யூ எழுதலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பத்துக்குக் கீழே இருந்தால் ஃபனல் பிளாட் (வெளிவராமல் விட்டுப்போன ஆய்வுகள் உண்டா என்று பார்க்கிற படம்) மட்டும் போடாதே.

கூகுளில் அகப்பட்ட பதினான்குக்குத் தேடல் என்று பெயர் இல்லை. முதலில் கேள்வியை எழுது: யார், என்ன வேலை, யாரோடு ஒப்பீடு, எதை அளந்தார்கள். எண் எடுக்கத் தொடங்குமுன் ரிவ்யூத் திட்டங்களைப் பதிகிற பிராஸ்பெரோ தளத்தில் பதிவு செய். பிறகு கட்டுரைகளுக்கு பப்மெட், ஸ்கோபஸ் தளங்களிலும், ஆய்வேடுகளுக்கு சோத்கங்காவிலும் தேடு. பீடியை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் போடு. இல்லாவிட்டால் வங்காளத்து ஆய்வுகள் உன் கண்ணில் படாது. பீடி குடிக்கிறவர்களைப் பற்றிய கட்டுரைகள் வந்து குவியும்; சுற்றுகிறவர்களைப் பிரித்தெடுக்க வேண்டியது உன் பாடு. தேடிய தேதியையும் தேடல் வரியையும் அப்படியே சேமித்து வை. மற்றது ரிவ்யூவில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்கிற 2020ஆம் வருடத்து பிரிஸ்மா பட்டியலின் 27 அம்சங்களில் இருக்கிறது, படித்துக்கொள்.

இனி எண்ணுக்கு வருகிறேன். ஒரு கட்டுரையில், பீடி சுற்றும் 100 பெண்கள் முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்று 2.10 ± 0.04 லிட்டர், சுற்றாத 100 பேருக்கு 2.22 ± 0.04 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள். அந்த 0.04 என்ன? சுருக்கத்தில் சொல்ல மாட்டார்கள். திட்ட விலக்கமாக (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு மாறுகிறது) இருக்கலாம், திட்டப் பிழையாகவும் (சராசரி எவ்வளவு தப்பியிருக்கலாம்) இருக்கலாம். வளர்ந்த பெண்களிடம் இந்த அளவின் திட்ட விலக்கம் அரை லிட்டரை ஒட்டித்தான் வரும். உன் மற்றக் கட்டுரைகளில் 0.4, 0.5 என்று இருக்கும்போது இது மட்டும் ஏன் பத்தில் ஒரு பங்கு? அங்கேயே உனக்குச் சந்தேகம் வர வேண்டும்.

கணக்கும் போட்டுப் பார். வித்தியாசம் 0.12. ±க்குப் பின்னால் இருப்பது திட்டப் பிழை என்றால், வித்தியாசத்தின் பிழை சுமார் 0.057, வகுத்தால் 2.1 வரும், பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.05க்குச் சற்றுக் கீழே இருக்கும். திட்ட விலக்கம் என்றால், ஆட்கள் 100 என்பதால் பிழை பத்தில் ஒரு பங்காகி, வகுத்து வருவது 21. பி மதிப்பு பூஜ்ஜியத்தை ஒட்டிப் போய்விடும். கட்டுரை 0.04 என்று பி மதிப்பு கொடுத்திருந்தால் விஷயம் முடிந்தது, அது திட்டப் பிழைதான். ஆட்களின் எண்ணிக்கை 100, அதன் வர்க்கமூலம் 10, அதால் பெருக்கினால் திட்ட விலக்கம் 0.4.

இதைப் பார்க்காமல் 0.04ஐத் திட்ட விலக்கக் கட்டத்தில் போட்டால், அந்த ஒரு கட்டுரையின் எடை, அதாவது மொத்த முடிவில் அதற்குள்ள செல்வாக்கு, நூறு மடங்காகும். எல்லா ஆய்வும் ஒரே உண்மை அளவைத்தான் அளக்கிறது என்று கொள்கிற நிலை விளைவு மாதிரியில் மொத்த முடிவையும் அது ஒன்றே தீர்மானித்துவிடும். அந்த அளவே ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்கிற சமவாய்ப்பு விளைவு மாதிரியில் நடப்பது இன்னும் மோசம். ஐ-ஸ்கொயர் (ஆய்வுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டின் அளவு) ஏறலாம், எடைகள் சமத்தை நெருங்கலாம், தப்பு தெரியாமல் உள்ளே அமுங்கிவிடும். நீயும் "ஊருக்கு ஊர் வேறுபாடு அதிகம்" என்று ஒரு பத்தி எழுதி முடித்துவிடுவாய். வேறுபாடு ஊரில் இல்லை தங்கச்சி, உன் எக்செல் தாளில் இருக்கிறது.

இது கற்றுக்குட்டிகள் மட்டும் செய்கிற தப்பு என்று நினைக்காதே. 2007இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 27 மெட்டா அனாலிசிஸ்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆய்வுகளின் எண்களை மூலக் கட்டுரையோடு ஒத்துப் பார்த்தார்கள். அந்த 27இல் 10 மெட்டா அனாலிசிஸ்களில், பார்த்த இரண்டில் ஒரு ஆய்வாவது பொருந்தவில்லை. எல்லாம் அச்சான கட்டுரைகள்.

அம்மா சுற்றிக் கொடுக்கிற பீடியைக் கடைக்காரர் கட்டைப் பிரித்துப் பார்க்காமலா எடுத்துக்கொள்கிறார்? நீ மட்டும் சுருக்கத்தைப் பார்த்து எண்ணை வாங்குவேன் என்றால் எப்படி?

ஆகவே இரண்டு பேர் வேண்டும். நீயும் ஒரு தோழியும் தனித்தனித் தாளில், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் நிரப்புங்கள். முதலில் மூன்று கட்டுரைகளில் வெள்ளோட்டம் விட்டுக் கட்டங்களைத் திருத்துங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கமும் அட்டவணையும் குறிக்க ஒரு கட்டம். "± என்ன" என்று தனியாக ஒரு கட்டம், அதில் "தெரியவில்லை" என்று எழுதவும் இடம் இருக்கட்டும். 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லைகள்) மட்டும் இருந்தால், மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து 3.92ஆல் வகு, திட்டப் பிழை வரும். சிறிய கூட்டத்துக்கு 3.92 சரிப்படாது, டி அட்டவணையைப் பார். லிட்டரையும், வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கிற அளவின் சதவீதத்தையும் ஒரே கூட்டலில் கலக்காதே.

ஒரே பெண்கள் இரண்டு கட்டுரைகளில் வரக்கூடும்; ஊர், மாதம், ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிட்டுப் பார். ஒப்பீட்டுக் கூட்டத்தின் வயதும் உயரமும் இணையாக இருந்ததா, வீட்டில் விறகடுப்பா, காசநோய் வந்தவர்களா என்பதற்கும் கட்டங்கள் வை. அப்புறம் ஒன்று, இதை நீயே அறிவாய்: மூச்சு வாங்க ஆரம்பித்தவர்கள் சுளகை எடுத்து வைத்துவிடுவார்கள். இன்று சுற்றுகிறவர்களை மட்டும் அளந்த ஆய்வில் அவர்கள் இல்லை, அதனால் பாதிப்பு குறைவாகத்தான் தெரியும். உங்கள் தெருவிலேயே அப்படி நிறுத்தியவர்கள் இருப்பார்கள். அந்தப் பார்வையோடு ஒவ்வொரு கட்டுரையையும் படிக்க உன்னால் முடியும், நகரத்திலிருந்து எழுதுகிற பலரால் முடியாது. அதனால்தான் இவ்வளவு கோபித்துக்கொள்கிறேன்.

± விளங்காத கட்டுரையின் ஆசிரியருக்கு எழுதிக் கேள். இரண்டு வாரம் பார்த்து மறுபடி எழுது. பதில் வராவிட்டால் ரிவ்யூவில் வைத்துக்கொள், கூட்டலில் சேர்க்காதே; சேர்த்தால் என்ன ஆகிறது என்பதைத் தனியாகக் காட்டு. முழுக் கட்டுரை கிடைக்காத அந்த ஏழில் சிலவற்றுக்கு பப்மெட் பக்கத்திலேயே, ஆசிரியர் விவரத்தில் மின்னஞ்சல் இருக்கக்கூடும். நாளைக்கே எழுது.