கேள்விகளின் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

ரீயூனியன் தீவிலிருந்து பிரெஞ்சு செனட்டுக்குப் போன தமிழ் வம்சாவளியினரைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். பள்ளியிலிருந்தே பிரெஞ்சு படித்தவன் என்பதால் ஆர்வம் தாங்காமல் செனட்டின் பழைய அவைக்குறிப்புகளைத் தேடி வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு உறுப்பினரும் எப்போதெல்லாம் பேசினார், என்னென்ன கேள்வி கேட்டார், என்ன திருத்தம் கொண்டுவந்தார் என்று எல்லாம் பெயர்வாரியாக இருக்கிறது. சிலருக்குப் பக்கம் பக்கமாக ஓடுகிறது. சிலருக்குச் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. நிறையக் கேட்டவர்தான் நன்றாக வேலை செய்தவர் என்று எடுத்துக்கொள்ளலாமா? எழுத்தில் கேட்கும் கேள்விகளுக்கு அமைச்சர்கள் தரும் பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றனவே, அவற்றால் யாருக்காவது பயன் உண்டா? மேலவை என்பதே தேர்தலில் தோற்றவர்களின் ஓய்வு மடம் என்கிறார் என் அப்பா. இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. இவர்களில் யாராவது அங்கே தமிழுக்காகப் பேசியிருக்கிறார்களா?

ச.,
புதுச்சேரி

அன்புள்ள ச.,

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொல்வது பாதி சரி. தமிழ்நாட்டு மேலவையை 1986இல் கலைத்தபோது அதற்காகக் கண்ணீர் விட்டவர்கள் அதிகம் இல்லை. ஆனால் பிரெஞ்சு செனட்டின் கதை கொஞ்சம் வேறு. அதன் 348 பேரில் ஒருவரைக்கூட மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலும் மேயர்களும் நகராட்சி உறுப்பினர்களும்தான் வாக்காளர்கள். இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சியில் இருக்கும் எங்கள் ரீயூனியன் தீவுக்கு இப்போது நான்கு இடம், 2011க்கு முன் மூன்று. ஆகவே காலையில் செனட்டர் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் ஓட்டுப் போட்ட கிழவி அல்ல, மேயர். மேயருக்கு என்ன வேண்டும்? பள்ளிக்கூடத்துக்குக் கூரை, குடிதண்ணீர்க் குழாய், புயலில் போன பாலத்துக்குப் பணம். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விகளைத் திரும்பப் படியுங்கள். சலிப்பூட்டியவற்றில் பாதிக்குப் பின்னால் ஏதோ ஒரு மேயரின் முகம் தெரியும்.

எண்ணிக்கையை நம்ப வேண்டாம். நமக்குப் பழக்கமான தில்லி மாநிலங்களவைக் கணக்கில் சொல்கிறேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. பாரிஸில் நட்சத்திரக் குறி கிடையாதே தவிர, வகை இதேதான். புதன்கிழமை பிற்பகலில் வாய்மொழியாகக் கேட்பது தொலைக்காட்சியில் வரும். கேட்பவருக்கு இரண்டு நிமிடம், அமைச்சரின் பதிலை அவர் மறுத்துப் பேசுவதும் அந்த இரண்டு நிமிடத்துக்குள்தான். (அன்றைக்கு எல்லோரும் நல்ல கோட்டாகப் பார்த்துப் போட்டு வருவார்கள்.) எழுத்துக் கேள்விக்கு இரண்டு மாதத்துக்குள் பதில் வர வேண்டும் என்பது விதி. பல நேரம் வராது. வராதபோது உறுப்பினர் அதே கேள்வியை நினைவூட்டலாக மறுபடி அனுப்புவார், அதற்குப் புது எண் விழும். உங்கள் கணக்கில் அது இரண்டு கேள்வி. போதாததற்கு ஏதாவது ஒரு சங்கம் எழுதிக் கொடுத்ததைப் பத்துப் பேர் தங்கள் பெயரில் அனுப்புவதும் உண்டு. ஒரே வாக்கியம், ஒரே அரைப்புள்ளி, பத்துக் கையெழுத்து.

ஒருமுறை பாரிஸ் போயிருந்தபோது செனட் கூடும் லுக்ஸம்பூர் அரண்மனையில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கடல்கடந்த பகுதிகளின் பட்ஜெட் விவாதம், இரவு நேரம். கீழே அரைவட்டத்தில் மொத்தமே பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். சிவப்பு நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலி. பேச்சை எழுதிக்கொண்டிருந்தவர் ஓசைப்படாமல் எழுந்து போக, இன்னொருவர் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். யாருமே கேட்காத பேச்சை இத்தனை பக்தியோடு எழுதுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அச்சில் பார்த்தபோது அந்தக் காலி நாற்காலிகளுக்கு அதில் இடமில்லை. ஆனால் எந்தக் கட்சி வரிசையில் கை தட்டினார்கள், எங்கே குறுக்கிட்டார்கள் என்பதெல்லாம் அடைப்புக்குறிக்குள் இருந்தது. பேச்சைவிட அந்த அடைப்புக்குறிகளைக் கவனித்துப் படியுங்கள். சொந்தக் கட்சிக்காரர்கள் கை தட்டாமல் விட்ட இடங்களில்தான் விஷயம் இருக்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு என் பதில். கூட்டிக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அது எங்கே போய் நின்றது என்று பாருங்கள்.

ழான்-போல் விராபுல்லே 2001 முதல் 2011 வரை செனட்டர், வலதுசாரி. நான் வசிக்கும் சேன் ஆந்த்ரே ஊருக்குப் பல காலம் மேயராகவும் இருந்தவர். விராபுல்லே என்பது நம் வீரப்பிள்ளைதான். ஆனந்தரங்கப் பிள்ளையைப் ‘புல்லே’ ஆக்கிய அதே பிரெஞ்சுக் காது. 2002 இலையுதிர்காலத்தில் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்று செனட்டுக்கு வந்தது. கடல்கடந்த தெப்பார்த்மான்கள் (நம் மாவட்டம் போன்ற பிரெஞ்சு நிர்வாகப் பிரிவுகள்), நாடாளுமன்றம் அனுமதித்தால், சில துறைகளில் தங்களுக்கான விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஓர் அம்சம். குவாதலூப்புக்கு உண்டு, மார்த்தினிக்குக்கு உண்டு, பிரெஞ்சுக் கயானாவுக்கு உண்டு. ரீயூனியனுக்கு மட்டும் இது பொருந்தாது என்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வைத்தார் விராபுல்லே. 2003 மார்ச் 17 அன்று வெர்சாயில் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி அங்கீகரித்தன, 28ஆம் தேதி அது சட்டமானது. 73ஆவது பிரிவில் அந்த வாக்கியம் இன்றும் நிற்கிறது. இங்கே எல்லோரும் அதை ‘விராபுல்லே திருத்தம்’ என்றுதான் சொல்வார்கள். அவர் பத்தாண்டில் எத்தனை முறை பேசினார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இந்த ஒரு வரி டீக்கடை வரைக்கும் தெரியும்.

அந்த வரி தவறு என்பது என் கருத்து. தேசியச் சட்டத்தை ஊருக்கேற்ப வளைத்துக்கொள்ள எங்களுக்கும் வழி உண்டு. புதிதாக விதி செய்யத்தான் முடியாது. கட்டடங்களில் மின்சாரம், வெப்பம் பற்றிய விதிகளைத் தானே வகுத்துக்கொள்ள குவாதலூப் அனுமதி வாங்கியது. அதே வெயிலில் காயும் எங்களுக்குப் பாரிஸில் யாராவது யோசிக்க வேண்டும். 2011இல் தெப்பார்த்மான் ஆன மயோத் தீவுக்குக்கூட இந்தத் தடை இல்லை. அரசியல் சட்டத்தில் பெயர் சொல்லி விலக்கி வைக்கப்பட்டது நாங்கள் மட்டுமே.

ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருந்த பயம் பொய்யானது அல்ல. 1946 மார்ச்சில் இந்தத் தீவு தெப்பார்த்மான் ஆனது. பிரான்சில் இருக்கும் அதே குறைந்தபட்ச ஊதியம் இங்கே வந்தது 1996 ஜனவரி 1 அன்று. ஐம்பது வருடம்! ‘உங்களுக்கென்று தனி விதி’ என்று யாராவது சொன்னால் இங்கே கூலிக்காரன் காதில் ‘உனக்குக் குறைச்சல்’ என்றுதான் விழும். 1959இல் தொடங்கிய ரீயூனியன் கம்யூனிஸ்ட் கட்சி தன்னாட்சி கேட்டபோதும் எதிராளிகள் கிளப்பியது இந்தப் பயத்தைத்தான். விராபுல்லே அந்தப் பயத்தை எடுத்து அரசியல் சட்டத்தில் ஆணி அடித்து மாட்டினார். கெட்டிக்காரத்தனம் என்பதை மறுக்க மாட்டேன்.

அவர் அந்த வரியைச் சேர்த்தபோது அதே அவையில் எங்கள் தீவின் இன்னொரு செனட்டராக உட்கார்ந்திருந்தவர் அந்தக் கம்யூனிஸ்ட் கட்சியின் போல் வெர்ஜேஸ். பூமி சூடாவதைத் தடுப்பதைத் தேசிய முன்னுரிமை என்று அறிவித்து, அதை ஆராய ஒரு கண்காணிப்பகத்தையும் அமைத்த 2001 பிப்ரவரி 19 சட்டம் அவர் கொண்டுவந்த மசோதா. வலதுசாரிகள் பெரும்பான்மையாக இருந்த செனட் ஒரு கம்யூனிஸ்டின் மசோதாவை நிறைவேற்றியது. அந்தக் காலத்தில் பலருக்கு அது கிழவரின் பித்தாகத்தான் தெரிந்திருக்கும். தீவுக்காரனுக்குக் கடல் ஏறுவது பித்து அல்ல.

தமிழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விராபுல்லேக்கு முன்பே 1983 முதல் 1992 வரை ஆல்பர் ராமசாமி செனட்டராக இருந்தார், அவர் சோஷலிஸ்ட். ஒருவர் இடது, ஒருவர் வலது. ரத்தத்தை வைத்து அரசியலை யூகிக்கக் கூடாது என்பதற்கு இவர்கள் இருவரும் போதும். இங்கே மல்பார் என்று அழைக்கப்படும் நம்மவர்களுக்கு வீட்டில் மொழி கிரெயோல், தமிழ் கோயிலில் கேட்பது. அவர்கள் செனட்டரிடம் கேட்பது கரும்பு விலையும் பையனுக்கு வேலையும். போகட்டும், குடியரசின் மொழி பிரெஞ்சு என்று 1992 முதல் அரசியல் சட்டமே சொல்கிறது. 1962இல் அண்ணா மாநிலங்களவையில் தான் திராவிட இனத்தவன் என்று முழங்கியதைப் போல ஒன்றை இந்தக் குறிப்புகளில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தேடியே ஆக வேண்டும் என்றால் உங்கள் ஊர் வ. சுப்பையாவைத் தேடுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாரிஸ் மேலவைக்குப் போனவர். உங்கள் ஊருக்கு இன்று மேலவை என்றால் தில்லியில் ஒரே ஓர் இடம்.

கடைசியாக, ஒரே அச்சில் வார்த்த பதில்களால் யாருக்குப் பயன் என்ற கேள்வி. என் அத்தைக்குப் பயன்பட்டது.

மாமா சொல்தா, அதாவது சிப்பாய். பாண்டிச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, இந்தத் தீவில் வந்து தங்கி இங்கேயே இறந்துபோனார். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பிரெஞ்சுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் ராணுவக் காகிதம் அத்தையின் அப்பா பெயரைப் போட்டிருந்தது. குடும்பப் பதிவேடு அத்தையின் பெயரையே போட்டிருந்தது. பென்ஷன் தரும் அலுவலகத்தின் கண்ணுக்கு அவர்கள் இரண்டு பெண்கள். பதினோரு மாதம் பணம் வரவில்லை. “ஏன்டா, அப்ப அந்த இன்னொருத்தி யாருடா?” என்று அத்தை என்னைக் கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

இரண்டு பெயரும் ஒருவரே என்ற சான்றை இரண்டு முறை கொடுத்தோம், இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள். ஒரு செனட்டரின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போனேன். யார், எந்தக் கட்சி என்பது வேண்டாம். அங்கே இருந்த உதவியாளர் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேள்வியில் தனிநபர் விவகாரத்தை எழுத மாட்டோம், பொதுவாகத்தான் கேட்போம் என்றார். அத்தையின் பெயர் இல்லாமல், இந்தியாவின் பழைய பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்தவர்களின் விதவைகளைப் பற்றி ஐந்து வரியில் ஒரு கேள்வி தயாரானது. பதில் ஐந்தாம் மாதம் வந்தது. நீங்கள் சொன்ன அதே அச்சு. முதல் பத்தியில் முன்னாள் வீரர்களுக்கு நாட்டின் நன்றி. இரண்டாம் பத்தியில் அரசு மிகுந்த கவனத்துடன் இருக்கிறது. மூன்றாம் பத்தியின் நடுவில் இரண்டே வரி: பெயர் மாறுபட்டால் ஒருவரே என்ற சான்றை ஏற்கலாம்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து, இரண்டு வரிக்கும் சிவப்பில் கோடு போட்டு, பழைய சான்றோடு சேர்த்து பென்ஷன் அலுவலகத்துப் பெண்மணியிடம் நீட்டினேன். அமைச்சரின் பதிலுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. வரி விவகாரத்தில் மட்டும்தான் அதைக் காட்டி வாதாடலாம். அந்தப் பெண்மணி மறுத்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. வாசித்தார், உள்ளே போனார், வெகுநேரம் கழித்து வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார். பாக்கியோடு சேர்த்துப் பணம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை என்னைக் கொலோஸ் கோயிலுக்கு இழுத்துப் போனார், செனட்டர் பெயரில் அர்ச்சனை செய்ய வேண்டுமாம். பெயரைச் சொன்னேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். நட்சத்திரம் இல்லை என்றேன். “சரி விடு, சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்று அத்தை தட்டை நீட்டினார்.