அக்னிவீரா, சி.ஆர்.பி.எஃப்-ஆ? அப்பாவின் பென்ஷனை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வாங்குகிறேன். என் மகனுக்கு அக்னிவீர், சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) கான்ஸ்டபிள் இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு வருவதுபோல ஓய்வூதியம் அவனுக்கு எதில் வரும்?

பதில்: உங்களுக்கு வருவதுபோல என்றால், இரண்டிலுமே உறுதியில்லை. 15 வருஷ சர்வீஸ், கடைசிச் சம்பளத்தில் பாதி, நாற்பதை ஒட்டிய வயதில் பென்ஷனோடு ஊர் திரும்புவது, பிறகு ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்) உயர்வு. இதெல்லாம் உங்கள் காலத்துக் கணக்கு.

அக்னிவீர் ராணுவத்தில் 4 வருஷ வேலை. முடிவில் சேவா நிதி என்று மொத்தமாக, வரியில்லாமல் வருவது சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி அவன் சம்பளத்திலேயே மாதம் 30 சதவீதம் பிடித்த பணம். பென்ஷன், கிராஜுவிட்டி கிடையாது. முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் இல்லை. அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக எடுப்பார்கள். அதில் இடம் பிடித்தால்தான் பென்ஷன் பேச்சு.

சி.ஆர்.பி.எஃப். விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊரில் அதையும் மிலிட்டரி என்றுதான் சொல்வோம். ஆனால் அது உள்துறையின் கீழ் வரும் ஆயுதப் போலீஸ் படை. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனை நிறுத்தியபோது முப்படைகளுக்கு மட்டுமே விலக்குக் கிடைத்தது. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சி.ஆர்.பி.எஃப். போன்ற துணை ராணுவத்துக்கும் பழைய பென்ஷன் உண்டு என்றது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த வழக்கை நம்பி மகனைச் சேர்க்காதீர்கள்.

கையில் இருப்பது 2025 ஏப்ரல் 1-ல் வந்த யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். 25 வருஷம் முடித்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி, அதோடு அகவிலை நிவாரணம். பத்து வருஷம் இருந்தாலே குறைந்தது 10,000 ரூபாய். அவனுக்குப் பின் மனைவிக்கு அந்தத் தொகையில் 60 சதவீதம். ஆனால் மாதாமாதம் சம்பளத்தில் 10 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு அப்படி ஒரு பிடித்தமே இருந்ததில்லை. இன்னொன்று, நாற்பத்தைந்து வயதில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கினாலும் 60 வயதில்தான் பணம் வரத் தொடங்கும். உங்களைப்போலச் சீக்கிரம் வீட்டுக்கு வந்து பென்ஷனில் காலம் தள்ள முடியாது.

பென்ஷன்தான் குறி என்றால் நான் சி.ஆர்.பி.எஃப். பக்கம்தான். நான்கில் ஒரு வாய்ப்பை நம்பிக் கையிலிருக்கும் நிரந்தர வேலையை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சேர்ந்த 30 நாளுக்குள் யு.பி.எஸ். விருப்பப் படிவத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். பயிற்சி முகாமின் ஓட்டத்தில் பையன்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.