அக்காவின் வளர்ப்பா, ஃபோனா, டைபாய்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா மகளுக்கு 16 வயது. டைபாய்டில் இளைத்தவள், காய்ச்சல் விட்ட பிறகும் சரியாகச் சாப்பிடவில்லை. நான்கு மாதத்தில் 49 கிலோ 38 ஆகிவிட்டது. ஒரு கரண்டி மோர்சாதத்தைப் பருக்கை பருக்கையாக முக்கால் மணி நேரம் சாப்பிடுகிறாள். ஆனால் நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கிறாள். எங்களுக்கு கேக் செய்து தருகிறாள், தான் தொடுவதில்லை. கேட்டால் "வயிறு கனமா இருக்கு" என்கிறாள். மருத்துவர் அனரெக்சியா, அதாவது உணவைத் தவிர்த்துத் தவிர்த்து உடல் ஆபத்தாக மெலியும் நோய், என்கிறார். அக்கா வளர்த்த விதம் என்கிறது சொந்தம், ஃபோன் என்கிறார் அத்தான். எதுதான் காரணம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அக்காவை முதலில் விடுவித்துவிடுங்கள். வளர்ப்பால் வருவது என்ற பழைய பேச்சை இத்துறையினர் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். இரட்டையர் ஆய்வுகளின்படி இந்த நோய்க்கான சாய்வில் ஏறக்குறைய பாதி பரம்பரை. 2019இல் சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்தபோது, மனம் மட்டுமல்ல, உடலின் வளர்சிதை மாற்றமும் இதில் சம்பந்தப்பட்டிருப்பது தெரிந்தது.

அத்தான் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, திரையில் பார்க்கும் ஒல்லி உடல்கள் குண்டாகும் பயத்தைத் தூண்டலாம். ஃபிஜித் தீவின் நத்ரோகா பகுதிக்கு 1995இல் டிவி வந்தது. எடை குறைக்க வாந்தியெடுக்கும் பள்ளி மாணவிகள் அப்போது அங்கே ஒருவரும் இல்லை, 1998இல் 11.3 சதவீதம். ஆனால் உங்கள் பெண் குண்டாகிவிடுவேன் என்று சொல்லவே இல்லையே. ஹாங்காங்கிலும் பல நோயாளிகள் வயிறு உப்புசம் என்றுதான் சொன்னார்கள். அதனாலேயே குடும்பங்கள் வயிற்று டாக்டரிடம் மாதக்கணக்கில் அலைகின்றன.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மோர்சாதமும் கேக்கும்தான். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். உடல் எடையில் கால்வாசி போயிற்று. அவர்கள் சாப்பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கினார்கள், ஒரு வேளை உணவை மணிக்கணக்காக இழுத்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள். அதற்கு முன் சமையலில் பெரிய அக்கறை காட்டாத ஆட்கள் பலர்! எரிச்சல், மனச்சோர்வு, தனிமை எல்லாம் பின்னாலேயே வந்தன. நோயின் குணம் என்று நாம் நினைப்பதில் பாதி பட்டினியின் குணம். பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். வயிற்றுக்கனம் பொய்யில்லை, ஆனால் சாப்பிட்டால்தான் போகும்.

ஆக டைபாய்டு தொடக்கிவைத்திருக்கலாம், பரம்பரை வழிவிட்டிருக்கலாம், இப்போது பட்டினியே நோயை ஓட்டிக்கொண்டிருக்கிறது. மூலகாரணம் தெரியட்டும் என்று காத்திருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

அதற்காக இன்றே இரண்டு தட்டு பிரியாணி கொடுத்துவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடலில் திடீரென உணவு சேர்ந்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட் என்னும் உப்பு செல்லுக்குள் போய்விடும், ரத்தத்தில் அது குறைந்தால் இதயம் தடுமாறும். முதல் பத்து நாள் ஆபத்தானவை. முன்னதாக நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம் பாருங்கள். பகலில் துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ மயங்கி விழுந்தாலோ அட்மிஷன்தான். ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதை மட்டும் நம்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டாம். கடைசிவரை நார்மலாகவே இருக்கக்கூடும்.

அளவை மருத்துவர் சொல்லட்டும். மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி. தட்டில் போடுவது அக்கா. பேரம் கிடையாது, திட்டும் கிடையாது. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் யாராவது கூடவே இருங்கள். கேக் செய்தால் முதல் துண்டு அவளுக்கு. முடியாதென்றால் இப்போதைக்குச் சமையலறைக்குள்ளேயே விட வேண்டாம்.