லூயிசெட்டியின் ஒற்றைக்கை ஷாட் ஸ்டான்ஃபோர்டை எப்படி உயர்த்தியது?

கூடைப்பந்தில், ஓடுகிற ஓட்டத்திலேயே பந்தை ஒரே கையால் கூடைக்கு எறிவதுதான் ஒற்றைக்கை ஷாட். 1930-களில் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் பெரும்பாலும் நின்று, காலூன்றி, இரு கைகளாலும் மார்பருகிலிருந்து எறிவார்கள். நிற்கும் அந்த நொடியில் தடுப்பவர் வந்து மறித்துவிடுவார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணியின் ஹேங்க் லூயிசெட்டி நிற்கவே இல்லை. பஸ் நிற்கட்டும் என்று காத்திருப்பவருக்கும், ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறுபவருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

1936 டிசம்பர் 30 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொடர்ந்து 43 ஆட்டங்கள் வென்றிருந்த லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தை ஸ்டான்ஃபோர்ட் 45-31 என வீழ்த்தியது. அதில் லூயிசெட்டி எடுத்தது 15 புள்ளிகள். அணியின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு! 1938 ஜனவரி 1-இல் டுகேன் அணிக்கு எதிராகத் தனியாளாக 50 புள்ளிகள்.

ஜம்ப் ஷாட்டும் இதுவும் ஒன்று எனப் பலர் நினைக்கிறார்கள். அதில் நேராக எழும்பி உச்சியில் பந்தை விடுவார்கள், இது ஓட்டத்தின் வேகத்தில் பிறப்பது.